அந்தப் போன் யாரிடம் சொல்கிறது?

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும். முதுகைத் தவிர எல்லாம் நலம். நீ எப்படி இருக்கிறாய்? மாமாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா?

கையில் போனை வைத்துக்கொண்டு இவன் எதற்குத் தபால் அனுப்புகிறான் என்று நினைப்பாய். காரணம் அந்தப் போன்தான். கிரேன் ஏணியில் வழுக்கி விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை மாத்திரை தின்றும் வலி இறங்கவில்லை. சாயங்காலம் இரண்டு கிளாஸ் உள்ளே போனால்தான் முதுகு கொஞ்சம் வாயை மூடுகிறது. இது உனக்குத் தெரிந்த கதை. போன வாரம் வலி டாக்டர், "சாயங்காலம் எவ்வளவு எடுத்துக்கிறீங்க?" என்று கேட்டார். "எப்பவாவது ஏதாவது விசேஷம்னா" என்றேன். அவர் ரத்தப் பரிசோதனைத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "வாரத்துக்கு எத்தனை விசேஷம் வருது உங்க வீட்ல?" என்றார்.

அதோடு விட்டாரா? நர்ஸ் என் போனை வாங்கி அதில் எதையோ ஏற்றிக் கொடுத்தாள். தினமும் காலையில் அது இரண்டு கேள்வி கேட்கும். வலி எவ்வளவு? நேற்று குடித்தது எவ்வளவு? வாரம் ஒருமுறை ஒரு பெண் கூப்பிட்டு அரைமணி நேரம் பேசுவாள். வலியோடு வாழக் கற்றுக்கொடுப்பார்களாம், குடியைக் குறைக்க வைப்பார்களாம். முதல் நாள் அவள் ஏதோ நீளமாகப் படித்துக் காட்டினாள். நானும் சரி சரி என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மூளை வேலை செய்தது. அந்த ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டுவது யார்? என் கம்பெனியின் இன்சூரன்ஸ். அப்படியென்றால் நான் போனில் தட்டுவது எங்கே போகும்? எனக்கு முன்னால் என் கிரேன் கேபினில் உட்கார்ந்திருந்தவரை நாங்கள் பெரிய கொக்கி என்போம். ஒரு நாள் வாயில் வாசனை என்று பிடித்தார்கள். கிரேன் லைசென்ஸ் போய், இன்று வாசலில் கையுறை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வேறு தொழில் தெரியாது. முதுகு போனவனை யார் புதிதாக எடுப்பார்கள்? அந்தக் கேபின் போனால் எல்லாம் போச்சு.

அதனால் இனிமேல் மனம்விட்டுப் பேசுவதெல்லாம் காகிதத்தில்தான். காகிதத்துக்குக் காது கிடையாது.

உன் அன்புத் தம்பி


பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். மாமா சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பதாகச் சொல்கிறார். நான் டப்பாவை ஒளித்து வைத்திருக்கிறேன், இருவரும் அவரவர் வேலையைச் செய்கிறோம்.

தபால் தலை வாங்கப் போனேன். கவுண்டரில் இருந்தவள் நான் குதிரை வண்டிக்கு டிக்கெட் கேட்ட மாதிரி பார்த்தாள். உன்னால் எனக்கு இந்தப் பெருமை.

போன் யாரிடம் சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் கண்ணாடிக் கடையில் தினமும் நடப்பதைச் சொல்கிறேன். லாரி ஓட்ட லைசென்ஸ் வாங்க வருகிறவர்கள் முதல் நாளே வந்து, சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். மறுநாள் பரிசோதனையில் கடகடவென்று ஒப்பிப்பார்கள். எனக்குப் பழகிவிட்டதால் பலகையை மாற்றி வைத்துவிடுவேன். அப்போது முழிப்பார்கள் பார், பாவமாக இருக்கும். "அக்கா, கண்ணு கொஞ்சம் அப்படித்தான், எழுதிக் கொடுத்துடுங்க" என்பார்கள். பலகையை ஏமாற்றலாம், எதிரே வரும் பஸ்ஸை எப்படி ஏமாற்றுவது?

அதனால் அந்தப் போனிடம் உள்ளதைச் சொல். வலி உன்னுடையது. நீ பொய்க் கணக்குக் கொடுத்தால் அவர்கள் யாருடைய வலிக்கு வைத்தியம் பார்ப்பார்கள்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் பதில் எழுது. வேலைக்கு ஏறும் நாளில், ஏறுவதற்கு முன்னாலோ மேலேயோ குடிப்பதுண்டா?

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைக்கும் என் அன்பு.

உன் அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் கண்டு சிரித்தேன், சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது.

போன்காரி நாலைந்து முறை பேசிவிட்டாள். குரல் நல்ல குரல்தான், அதுதான் பயமாக இருக்கிறது. இவ்வளவு பொறுமையாக நம் வீட்டில் யார் பேசுகிறார்கள்? மெஷின்தான் பேசுகிறதோ என்று சந்தேகம் வந்து, வேண்டுமென்றே சம்பந்தமில்லாமல் கேள்வி கேட்டேன். நடுவில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. இருமலையும் பதிவு செய்து வைத்திருக்கலாம், யார் கண்டது.

வலி வரும்போது ஊற்றிக்கொள்ளாமல் அரைமணி நேரம் தள்ளிப் போட வேண்டுமாம். தரையில் படுத்துக் கால்களை நாற்காலிமேல் வைத்து மூச்சை எண்ண வேண்டுமாம். எண்ணினேன், வலியும் கூடவே உட்கார்ந்து எண்ணியது.

குடித்த கணக்கில் பாதிதான் தட்டுகிறேன். அந்தப் பாதியை வைத்தே அது ஒரு கோடு போட்டுக் காட்டியது. குடி கூடின நாளுக்கு மறுநாள் காலையில் வலியும் கூடியிருக்கிறதாம். எனக்கு நம்பிக்கையில்லை. என்னை நிறுத்த வைக்க அவர்களே கோட்டை வளைத்திருப்பார்கள்.

இன்னொன்று கேள். ஒரு நாள் காலையில், வலிக் கேள்விக்குப் பதிலோடு ராத்திரி தூக்கமே இல்லை என்றும் போனில் தட்டினேன். ஷெட்டுக்குள் நுழைந்ததும் எங்கள் சூப்பர்வைசர், நாங்கள் விசில் என்று கூப்பிடுவோமே அவர், "என்னய்யா, ராத்திரி தூங்கலையா?" என்கிறார். அவருக்கு எப்படித் தெரியும்? ஒன்று போன் சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் என் வீட்டுக்காரி. விசிலின் மனைவியும் இவளும் கடையில் அடிக்கடி சந்திக்கிறார்கள். நான் கிளாஸை எடுத்தால் இவள் ஒன்றும் சொல்வதில்லை, பாட்டிலின் மட்டத்தை மட்டும் ஒரு பார்வை பார்ப்பாள்.

யாரை நம்புவது என்றே தெரியவில்லை அக்கா. மாமாவை விசாரித்ததாகச் சொல்.

உன் அன்புத் தம்பி


மார்ச் 25

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மாமா உன்னை விசாரித்தார்.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் பார்த்தேன். நான் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் எங்கேயும் இல்லை. போன்காரியின் இருமலுக்கு இடம் இருக்கிறது, அதற்கு இல்லை.

விசில் எப்படித் தெரிந்துகொண்டார் என்றா கேட்கிறாய்? கண் சிவந்து, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வருகிறவனைப் பார்த்தால் யாரும் கேட்பார்கள். அதற்கு உளவாளி வேண்டாம். பெண்டாட்டியைச் சந்தேகப்படுவதை முதலில் நிறுத்து. பாட்டிலைப் பார்க்காமல் அவள் வேறு எதைப் பார்ப்பாள்?

கேள்வியை மறுபடி எழுதுகிறேன். குடித்துவிட்டு மேலே ஏறுகிறாயா? உண்டு, இல்லை. ஒரு வார்த்தை போதும்.

உன் அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நேராகப் பதில் கேட்டாய். எழுதுகிறேன், படித்ததும் கிழித்துவிடு.

ஆமாம், உண்டு. தண்ணீர் பாட்டிலில் கலந்து மேலே எடுத்துப் போகிறேன். இருக்கைக்குப் பின்னால் ஒரு துணிப்பையில் வைத்திருப்பேன். எங்கள் வேலை உனக்குத் தெரியும். ஷெட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இரும்புத் தகட்டுச் சுருள்களைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு லாரி கனம். கீழே ஆட்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். குனிந்து கீழேயே பார்த்துக்கொண்டிருப்பதில் மதியத்துக்குள் முதுகில் ஆணி அடித்த மாதிரி ஆகிவிடும். அப்போது இரண்டு மடக்கு. கை நடுக்கமும் நிற்கும்.

இது போனுக்குத் தெரியாது. இவளுக்கும் தெரியாது. இந்த உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும்.

உன் தம்பி


ஏப்ரல் 23

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம்.

இங்கே நாலு நாளாக மழை. கடைக்குள் தண்ணீர் வந்து கண்ணாடிச் சட்டங்களை எல்லாம் மேல் தட்டுக்கு ஏற்றினோம். நேற்று ஒரு சின்னப் பெண்ணுக்கு முதல் கண்ணாடி போட்டுவிட்டேன். தெருவுக்குப் போய் மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "இலை தனித்தனியா இருக்கு!" என்றாள். கடையில் எல்லோரும் சிரித்தோம்.

மாமாவுக்கு முழங்கால் வலி. வேறு விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


மே 4

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

மழையைப் பற்றி எழுதினாய். மரத்து இலையைப் பற்றி எழுதினாய். கேபினில் குடிக்கிறேன் என்று தம்பி எழுதியதற்கு ஒரு திட்டு இல்லை, ஒரு அழுகை இல்லை. நீயா அப்படி? அப்போதே எனக்குப் பொறி தட்டியது.

கேட்டுக்கொள். நான் மூன்று பேருக்கு மூன்று விதமாகச் சொன்னேன். போன்காரியிடம், சாப்பாட்டு நேரத்தில் பின்வாசலுக்கு வெளியே இருக்கும் கடைக்குப் போய்க் குடிப்பதாகச் சொன்னேன். வீட்டில் இவளிடம், லாக்கரில் பழைய ஷூவுக்குள் சின்ன பாட்டில் இருப்பதாகச் சொன்னேன். உனக்குக் கேபின். மூன்றும் பொய். யார் வாயிலிருந்து கம்பெனிக்குப் போகிறது என்று பார்க்கத்தான் சொன்னேன். பின்வாசலில் காவல் போட்டால் போன், லாக்கரைத் திறந்தால் இவள். உன் பெயரையும் சேர்த்தது ஒரு கணக்குக்காகத்தான். நீயாக இருக்க மாட்டாய் என்று அவ்வளவு உறுதியாக இருந்தேன்.

புதன்கிழமை காலை விசில் ஏணியில் ஏறி வந்தார். முழங்கால் போனதிலிருந்து அவர் ஏறியதே கிடையாது. மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் நேராக இருக்கைக்குப் பின்னால் கையை விட்டார். பையை உருவினார். உள்ளே என்ன? ஒரு துண்டும், முதுகுக்கு வைக்கும் வெந்நீர்ப் பையும். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவா, அக்காவா என்று மனசு கத்திக்கொண்டிருக்க, வாய் சிரித்தது.

அந்தச் சிரிப்புதான் வினையாகிவிட்டது. அவர் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மோந்து பார்த்தார். "இறங்கு" என்றார்.

கீழே கருவியில் ஊதச் சொன்னார்கள். முந்தின ராத்திரி குடித்தது இன்னும் உள்ளே இருந்திருக்கிறது. ராத்திரி குடித்ததற்கும் காலையில் குடித்ததற்கும் அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. லைசென்ஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

நான் மேலே குடித்ததில்லை அக்கா. ஒரு நாளும் இல்லை. போனை நம்பாமல் உன்னை நம்பினேன். போன் வாயைத் திறக்கவில்லை. கூடப் பிறந்தவள் நீ திறந்துவிட்டாய்.

தம்பி


மே 12

தம்பிக்கு,

ஆமாம், நான்தான் சொன்னேன்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. இரண்டு நாள் பைக்குள் வைத்துக்கொண்டு அலைந்தேன். உன்னைக் கூப்பிட்டுக் கத்தலாமா என்று நினைத்தேன். கத்தினால் இனிமேல் செய்யமாட்டேன் என்பாய், மறுநாள் பாட்டிலை வேறு இடத்தில் ஒளிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால் கடைப் போனிலிருந்து உன் கம்பெனிக்குப் பேசினேன். யாரோ மாதிரி பேசவில்லை. அவனுடைய அக்கா பேசுகிறேன் என்றுதான் சொன்னேன். பிறகு மழையைப் பற்றி உனக்குக் கடிதம் எழுதினேன். எழுதும்போது கை என் கையாகவே இல்லை.

கீழே ஆட்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போவார்கள் என்று நீதான் எழுதினாய். அது பொய்யில்லையே? அவர்களுக்கும் அக்கா தங்கைகள் இருப்பார்கள். சுருள் ஒன்று விழுந்த பிறகு, எனக்கு முன்னாலேயே தெரியும் என்று அவர்களிடம் போய்ச் சொல்வேனா?

கேபின் கதை பொய் என்கிறாய். சரி. நீ ஊதினபோது கருவி காட்டியது யார் எழுதிய பொய்? ராத்திரிக் குடி என்கிறாய். காலையில் அது உன்னை விட்டு இறங்கிப் போய்விட்டதா, அல்லது உன்னோடு ஏணியில் ஏறி வந்ததா? நான் கேட்டது அதைத்தானே! இரண்டு முறை கேட்டேன். நீ பொய்யாக எழுதியதும் ஒருவகையில் உண்மையாகத்தான் இருந்திருக்கிறது.

மறுபடி அப்படி ஒரு கடிதம் வந்தால் மறுபடியும் போன் போடுவேன். அழுதுகொண்டே போடுவேன். இப்போதும் அழுதுகொண்டுதான் எழுதுகிறேன். எனக்கு இருப்பது நீ ஒருத்தன்.

பதில் எழுது.

உன் அக்கா


ஜூன் 30

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உங்களுக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மே மாதத்திலிருந்து நீங்கள் அனுப்பிய மூன்று கடிதங்களில் முதலாவதை மட்டும்தான் அவர் படித்தார். மற்ற இரண்டும் பிரிக்காமல் ஃபிரிட்ஜ்மேல் கிடக்கின்றன. பிரிக்கவும் மாட்டார், என்னைப் பிரிக்கவும் விடமாட்டார், தூக்கிப் போடவும் விடமாட்டார். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. ஸ்டோரில் உட்கார்ந்து தூக்குச் சங்கிலிகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறார். சம்பளத்தில் பாதி குறைந்துவிட்டது. கம்பெனி ஒரு வழி சொல்லியிருக்கிறது. சிகிச்சையில் இருக்கிறார் என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுக்க வேண்டும். மாதாமாதம் அவர் குடித்தாரா இல்லையா என்ற தகவலும் வர வேண்டும். ஆறு மாதம் ஒழுங்காக வந்தால் மறுபடி கிரேனில் ஏற்றிப் பார்ப்பார்கள். அப்படி எழுத ஆஸ்பத்திரிக்கு இவர் அனுமதி கொடுக்க வேண்டும். போனில் "சம்மதம்" என்ற இடத்தைத் தொட்டால் போதும். தொட மாட்டேன் என்கிறார். "இவ்ளோ நாளா எதுக்குப் பயந்தேனோ அதையே நானே கூப்பிட்டு உட்கார வைக்கணுமா?" என்கிறார். முன்னைவிட அதிகமாகக் குடிக்கிறார். போன்காரி கூப்பிட்டால் எடுப்பதில்லை. கெடு ஜூலை கடைசி.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லாக்கரில் பாட்டில் இருக்கிறது என்று என்னிடம் சொன்னார் இல்லையா, அதை நான் நம்பினேன். நம்பியும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாடகை, பிள்ளையின் படிப்பு, இதெல்லாம்தான் என் கண்முன் வந்தது. கீழே நடப்பவர்கள் வரவில்லை. நீங்கள் வாயைத் திறந்துவிட்டீர்கள். எனக்கு உங்கள்மேல் கோபம் இருக்கிறது அண்ணி, மறைக்கவில்லை. என்மேலும் இருக்கிறது. எது பெரியது என்று தெரியவில்லை.

இப்போதைக்கு வர வேண்டாம். வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

உங்கள் தம்பி மனைவி


ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? மாமாவின் முழங்கால் தேவலையா? உன் கடிதங்களை நேற்றுத்தான் பிரித்தேன்.

ஜூலை கடைசிக்கு நாலு நாள் இருக்கும்போது போன்காரி மறுபடி கூப்பிட்டாள். எடுத்துத் தொலைப்போம் என்று எடுத்தேன். எடுத்த எடுப்பில் கேட்டேன், "நான் சொல்றதை எல்லாம் யார்கிட்ட சொல்றீங்க? இன்னிக்காவது உண்மையைச் சொல்லுங்க."

"டாக்டருக்குச் சொல்றேன். நீங்க சம்மதம் கொடுக்காம கம்பெனிக்கு ஒரு எழுத்து போகாது" என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றி. பார்த்தாயா, எல்லோரையும்விட இதுதான் யோக்கியம் என்று தோன்றிவிட்டது. அந்தத் திமிரில் மூன்று பொய்க் கதையையும் அவளிடம் கொட்டினேன். உன்னைப் பற்றியும் சொன்னேன், கூடப் பிறந்தவளே காட்டிக்கொடுத்தாள் என்று. அவள் எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். அப்புறம், "எனக்குச் சொன்னதுதான் இருக்கிறதிலேயே சின்னப் பொய்" என்றாள். "சாப்பாட்டு நேரத்துல வெளிய போய்க் குடிக்கிறேன்னீங்க. அதுக்கே நான் டாக்டர்கிட்ட பேசினேன், உங்களையும் மறுபடி மறுபடி கேட்டேன். மேல கேபின்ல வச்சுக் குடிக்கிறேன்னு சொல்லியிருந்தீங்கன்னா, நானும் உங்க கம்பெனிக்குச் சொல்ல ஏற்பாடு பண்ணியிருப்பேன். அடுத்தவங்க உயிருக்கு ஆபத்துன்னா சும்மா இருக்க முடியாதுன்னு முதல் நாளே படிச்சுக் காட்டினேன். நீங்க சரி சரின்னீங்க."

என்னத்தைச் சொல்ல? யோக்கியம் என்று நான் தலையில் தூக்கி வைத்ததும் உன் கட்சிதான் என்று ஆகிவிட்டது. போனை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன்னைத் திட்டிய திட்டை எல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று யோசித்தேன். கடைசியில் சம்மதத்தைத் தொட்டேன்.

ஒரேயடியாக நிறுத்தினால் ஆபத்து என்று டாக்டர் மாத்திரை கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வைத்தார். சாயங்காலம் வலி வந்தால் தரையில் படுத்துக் கால்களை நாற்காலிமேல் போடுகிறேன். வலி போய்விடுவதில்லை. ஆனால் அந்த அரைமணி நேரம் கழிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு ஊற்ற வேண்டும் என்ற வெறி பாதி ஆகிவிடுகிறது. முழுக்கணக்கையும் தட்டுகிறேன். அந்தக் கோடு இன்னும் அப்படியேதான் வளைகிறது. யாரும் வளைக்கவில்லை போலிருக்கிறது. இரண்டு வாரமாக ஒரு சொட்டு இல்லை.

நீ செய்தது சரி என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. தப்பு என்றும் எழுத முடியவில்லை.

உன் தம்பி


செப்டம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

மாமா நடக்கிறார், நானும் நலம். உன் கையெழுத்தை உறைமேல் பார்த்ததும் கடையில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். கண்ணாடி துடைக்கும் துணியைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள்.

ஆனால் உள்ளே படித்ததை எப்படிப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வாரமாக ஒரு சொட்டு இல்லை என்கிறாய். இது எனக்கென்று எழுதியதா? உன் பெண்டாட்டிக்கு எத்தனை வாரம் என்று சொன்னாய்? அந்தப் போன் பெண்ணுக்கு? கோபித்துக்கொள்ளாதே. லாரிக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லா எழுத்தையும் சரியாகப் படித்தாலும் நான் பலகையை ஒருமுறை மாற்றித்தான் பார்க்கிறேன். அது என் தொழில் புத்தி. அந்தப் புத்தியை உன்மேல் நான் காட்டியதில்லை. அதை வரவைத்தது நீ. இனிமேல் நீ நன்றாக இருக்கிறேன் என்று எழுதினாலும், இது எந்த ஆளைப் பிடிக்க வைத்த பொறி என்று ஒரு நிமிஷம் யோசிக்காமல் என்னால் சந்தோஷப்பட முடியாது. அந்த ஒரு நிமிஷம்தான் எனக்கு வலிக்கிறது.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஆனால் உன்னை ரொம்பத் தேடுகிறது தம்பி.

உன் அக்கா


அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் சுமார்.

நீ கேட்டது நியாயம். பதிலாக எழுத நல்ல சேதி எதுவும் கையில் இல்லை. சனிக்கிழமை ஸ்டோரில் சங்கிலிக் கட்டு ஒன்றை, ஆள் வரும்வரை பொறுக்காமல் நானே தூக்கினேன். முதுகு வெட்டிக்கொண்டு போய்விட்டது. வீட்டுக்கு வந்து தரையில் படுத்தேன், காலை நாற்காலிமேல் போட்டேன், மூச்சை எண்ணினேன். ஒன்றும் நடக்கவில்லை. எழுந்து போய் வாங்கி வந்து நாலு கிளாஸ் குடித்தேன்.

கிளாஸைக் கழுவுவதற்கு முன்னால் இவளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை, பாட்டிலைப் பார்க்கவும் இல்லை, என்னைப் பார்த்தாள். அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. மறுநாள் காலை போன் கேட்டது. மாதத் தகவல் கம்பெனிக்குப் போகும் வாரம் அது. நாலு என்று தட்டினால் ஆறு மாதம் மறுபடி முதலிலிருந்து. பூஜ்யம் என்று தட்டினால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. விரல் ரொம்ப நேரம் பூஜ்யத்தின் மேலேயே நின்றது. நாலு என்றுதான் தட்டினேன். போன் பொண்ணு பேசும்போது வாய்விட்டும் சொன்னேன். இப்போது உனக்கும் எழுதுகிறேன்.

இதுவும் பொறியா என்று தோன்றினால் இவளைக் கேள், அந்தப் பொண்ணைக் கேள். பலகையை எப்படி வேண்டுமானாலும் மாற்றிவைத்துக் கேள். எல்லோரிடமும் ஒரே பதில்தான் கிடைக்கும்.

கம்பெனிக்குப் போன் போடும் சிரமம் மட்டும் இந்தமுறை உனக்கு வேண்டாம் அக்கா. இன்று காலை விசில் வந்ததும் நானே சொல்லிவிட்டேன்.

உன் தம்பி